முன்னறை பார்லரும் காப்பீட்டுப் படிவத்தில் விட்டுப்போகும் ஒரு வரியும்

வீட்டின் முன்னறையில் பெரிய கண்ணாடி, சாய்த்துவிடும் நாற்காலி, வேக்ஸ் ஹீட்டர், ஸ்டீமர், அலமாரி நிறைய கிரீமும் சாயமும். வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று சின்னப் பலகை. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு வீட்டைக் காட்டுவார்கள். கடை வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த த்ரெட்டிங்கைப் பார்க்கலாம். தெருப் பெண்களும் கூச்சமில்லாமல் வருவார்கள். அந்த ஒரு நாற்காலியை நம்பி ஓடுகிற குடும்பங்கள் எத்தனையோ.

காப்பீடு என்று வரும்போது இதே வசதிதான் இடறுகிறது. காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை ஓர் இடம் ஒன்று வீடு, இல்லையென்றால் கடை. காலையில் பார்லராகவும் இரவில் பிள்ளைகள் படுக்கும் அறையாகவும் இருக்கிற இடம் அந்தக் கணக்கில் தானாக வந்து உட்காராது. நாம்தான் சொல்லி உட்கார வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், வருஷா வருஷம் பிரீமியம் கட்டியும் தேவைப்படும் நாளில் கை விரித்துவிடுவார்கள்.

'எங்களுக்குத்தான் ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது, வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி எடுக்க வைத்த பாலிசியை. அந்தக் காகிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே எடுத்திருப்பார்கள், பணம் வந்தாலும் முதல் உரிமை வங்கிக்கு என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் நாற்காலிக்கும் ஸ்டீமருக்கும் அதில் ஒரு பைசா கிடையாது.

2021 ஏப்ரல் 1 முதல் தீக் காப்பீடு தரும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி வாசகத்துடன் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், அதன் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும். மதிப்பைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தாலும் அதைக் காட்டி இழப்பீட்டை வெட்ட மாட்டார்கள். வீட்டுக்கு நல்ல பாலிசி. என்னைக் கேட்டால் சொந்த வீடு உள்ள எல்லோரும் எடுக்க வேண்டும் என்பேன். ஆனால் அது குடியிருக்கும் வீட்டுக்கும் குடும்பம் புழங்கும் பொருளுக்கும் ஆனது. தொழிலுக்கு வாங்கிய ஹைட்ராலிக் நாற்காலியை வீட்டுச் சாமான் என்று சொல்லி க்ளெயிம் கேட்க முடியாது.

பொருள் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். இதைவிடப் பெரிய ஆபத்து, வீட்டுக்கான க்ளெயிமே தகராறில் மாட்டிக்கொள்வது. பாலிசி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் 'இந்தக் கட்டடம் எதற்குப் பயன்படுகிறது' என்று ஒரு கேள்வி இருக்கும். பல நேரம் படிவத்தை ஏஜென்ட்டே நிரப்பி, 'குடியிருப்பு' என்று ஒரு டிக் போட்டு, கையெழுத்து மட்டும் வாங்கிப் போய்விடுவார். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. இடரைத் தீர்மானிக்கிற எந்தத் தகவலையும் மறைக்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டு வழக்கு ஒன்றில் 2009-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. பார்லர் என்றால் நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன், ஸ்பிரிட், ஹேர் ஸ்ப்ரே, மணிக்கணக்கில் சூட்டில் இருக்கும் வேக்ஸ் ஹீட்டர், ஸ்ட்ரெய்ட்னர் எல்லாம் ஓர் அறைக்குள் இருக்கின்றன. தீப்பிடிக்கும் வாய்ப்பை இவை கூட்டுகின்றன என்று நிறுவனம் வாதிட்டால் பதில் சொல்வது கடினம். ஆயுள் காப்பீட்டில் 3 வருஷம் கடந்துவிட்டால் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று 1938-ம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்கிறது. அந்தக் கவசம் தீக் காப்பீட்டுக்கு இல்லை. பத்து வருஷமாகப் புதுப்பித்து வந்திருந்தாலும் அந்த ஒரு டிக் அப்படியே நிற்கும்.

சரி, என்ன செய்வது? வீட்டுக்கும் தொழிலுக்கும் தனித்தனி பாலிசி எடுத்து, இரண்டிலும் மற்றதைப் பற்றி எழுதிவிடுவதே சுத்தமான வழி. 'தரைத்தளத்தில் 120 சதுர அடி அறையில் அழகு நிலையம் நடத்துகிறேன்' என்று படிவத்திலேயே ஒரு வரி. படிவத்தில் இடமில்லையென்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

தொழில் பக்கத்துக்கு வீட்டுப் பாலிசியோடு கூடவே வந்தது 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. ஓர் இடத்தில் உள்ள மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் எந்தச் சிறு தொழிலும் இதை எடுக்கலாம். கட்டடம் வேண்டாம், உள்ளே இருக்கும் கருவியும் சரக்கும் போதும் என்றும் எடுக்கலாம். வாடகை வீட்டில் தொழில் செய்பவர்களுக்கு இது பொருந்தும். மதிப்பு போடும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அறையில் 4 லட்ச ரூபாய்ப் பொருள் இருக்கும்போது பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 2 லட்சத்துக்கு எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய்ப் பொருள் எரிந்தால் கைக்கு வருவது 50,000-தான், ஏனென்றால் நீங்கள் காப்பீடு செய்தது பாதியை மட்டும். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைபாட்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கு மேல் போனால் வெட்டுவார்கள். ஆகவே வாங்கிய பில்களைப் போனில் படம் எடுத்து, அறையையும் ஒரு வீடியோ எடுத்து, வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரிப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வீட்டோடு பில்லும் நனைந்துபோனால் என்ன இருந்தது என்று எதை வைத்துக் காட்டுவது?

இந்தப் பாலிசியில் பலர் ஏமாந்துபோகும் இடம் மின்சாரம். ஷார்ட் சர்க்யூட் ஆகி ஸ்டீமர் கருகினால் அந்த ஸ்டீமருக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவித் திரையும் அலமாரியும் எரிந்தால் அவற்றுக்கு வரும். கருவிக்கும் வேண்டுமென்றால் மின் கருவிப் பழுதுக்கான பிரிவைத் தனியே சேர்க்க வேண்டும். இன்னொரு மின்சார விஷயமும் உண்டு. வீட்டு இணைப்பிலேயே பார்லரை ஓட்டுவது பரவலான பழக்கம். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இது அனுமதியில்லாத பயன்பாடு, உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கட்டச் சொல்லலாம். தீ விபத்துக்குப் பிறகு இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் மின் இணைப்பையும் பார்ப்பார். அதனாலேயே க்ளெயிம் போய்விடும் என்று சொல்ல வரவில்லை. பேரம் பேச அவர்கள் கையில் ஒரு பிடி கொடுத்துவிடுகிறோம். இ.பி. அலுவலகத்தில் பார்லருக்குத் தனி வணிக இணைப்பு கேட்டு வாங்குவதும், உள்ளாட்சியில் தொழில் உரிமம் எடுப்பதும், சிறு தொழில்களுக்கு அரசு இணையத்தில் காசில்லாமல் தரும் உத்யம் பதிவைச் செய்துகொள்வதும் காப்பீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது போல. தொழில் நடந்தது என்பதற்கு இவைதான் சாட்சி.

திருட்டு அடுத்தது. மேலே சொன்ன மாதிரித் தீப் பாலிசியில் திருட்டு என்பது தீயோ வெள்ளமோ வந்த 7 நாளுக்குள் அந்தக் குழப்பத்தில் போனதை மட்டும் குறிக்கும். சாதாரணத் திருட்டுக்குத் தனிப் பிரிவு எடுக்க வேண்டும். அதிலும் பூட்டை உடைத்து, கதவைப் பெயர்த்து உள்ளே வந்திருந்தால்தான் செல்லும். வந்துபோனவர்களில் யாரோ ஹேர் டிரையரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனால் வராது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குப் பதில் 'ஷாப்கீப்பர் பாலிசி' என்ற தொகுப்பாகவே எடுக்கலாம். தீ, திருட்டு, கல்லாப் பணம், கண்ணாடி உடைதல், கருவிப் பழுது, பொதுமக்களுக்கான பொறுப்பு எல்லாம் தனித்தனிப் பிரிவாக இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்பட அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் இந்த மாதிரித் தொகுப்பை விற்கின்றன. வீட்டுக்குள் நடக்கும் கடைக்குத் தருவார்களா என்பதைக் கிளையிலேயே கேட்டு, 'ஆம்' என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இதுவரை பேசியது நம் பொருளைப் பற்றி. பார்லர் தொழிலில் உண்மையான பயம் அடுத்தவர் உடம்பில் இருக்கிறது. ஒரு ஃபேஷியலுக்கு வந்த பெண் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். இன்னொருவருக்கு வேக்ஸ் சூடு கூடி மேல் உதடு வெந்துவிடுகிறது. மூன்றாமவர் நீங்கள் விற்ற கிரீமை வீட்டில் பூசி முகம் வீங்கி வருகிறார். நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே மாதிரி விபத்து. காப்பீட்டுக் கண்ணுக்கு மூன்றும் வேறு வேறு. வழுக்கி விழுந்தது இடத்தின் குறை, ஷாப்கீப்பர் பாலிசியின் பொதுப் பொறுப்புப் பிரிவு அதற்கானதுதான். உதடு வெந்தது உங்கள் கைவேலையின் குறை. பொதுப் பொறுப்புப் பாலிசிகளில் 'தொழில்முறைச் சேவையால் வரும் பாதிப்பு நீங்கலாக' என்று ஒரு விலக்கு இருப்பது வழக்கம். கிரீம் விஷயம் பொருள் சார்ந்த பொறுப்பு, அதற்கு மறுபடியும் தனி வாசகம் தேவை.

ஆக, பார்லரில் அடிக்கடி நடக்கக்கூடிய விபத்து எதுவோ அதுவே பாலிசிக்கு வெளியே நிற்கிறது. டாக்டர், ஆடிட்டர், கட்டடப் பொறியாளர் போன்றவர்களுக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இங்கே அச்சடித்த படிவமாகவே கிடைக்கிறது. பியூட்டீஷியன் என்றால் நிறுவனத்தோடு பேசிப் பேசித்தான் வாங்க வேண்டும், எல்லோரும் தர மாட்டார்கள். பிரிட்டனில் வீட்டிலிருந்து பார்லர் நடத்தும் ஒருவர் 'ட்ரீட்மென்ட் ரிஸ்க்' என்று கேட்டாலே எடுத்து நீட்டுகிறார்கள். செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் படித்த சான்றிதழைக் காட்டினால் போதும். இங்கே இத்தனை பெண்கள் செய்யும் தொழிலுக்கு அப்படி ஒரு சின்னப் பாலிசியை ஏன் யாரும் பரவலாகக் கொண்டுவரவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். பத்துப் பதினைந்து பார்லர்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமாகவோ சுயஉதவிக் குழுவாகவோ போய்க் கேட்டால், தனியாகக் கேட்பதைவிட நிறுவனம் காது கொடுக்க வாய்ப்பு உண்டு.

கேட்கும்போது என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று முழுசாகச் சொல்லுங்கள். த்ரெட்டிங், ஃபேஷியல், மேக்கப் ஒரு ரகம். ரசாயனத்தால் முடியை நேராக்குவதும் சாயம் போடுவதும் இன்னொரு ரகம். புருவத்தில் ஊசியால் நிறமேற்றுவது, லேசர் போன்றவை முற்றிலும் வேறு. ஊசி போட்டுச் செய்யும் போடாக்ஸ், ஃபில்லர் எல்லாம் டாக்டர் செய்ய வேண்டியவை. அவற்றைப் பார்லரில் செய்துவிட்டு எந்தப் பாலிசியிலும் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

ஹேர் டை பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கறுப்புச் சாயங்கள் பலவற்றிலும், கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகளிலும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது. பத்து வருஷம் ஒன்றும் செய்யாதிருந்த உடம்பு பதினோராவது முறை அதை ஏற்காமல் போகலாம். கண் இமை மூடிப்போகிற அளவுக்கு முகம் வீங்கும். அதனால்தான் பாக்கெட்டிலேயே 48 மணி நேரம் முன்பாகக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லி அச்சடித்திருக்கிறார்கள். 'அக்கா, நாளைக்குக் கல்யாணம், இப்பவே போட்டுவிடுங்க' என்று வருபவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் தடவிப் பார்த்த தேதி, போட்ட பொருளின் பெயர், அவரது கையெழுத்து மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் பாதி வழக்கு அங்கேயே நின்றுவிடும். காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான். அந்தக் கையெழுத்து அலட்சியத்தை மன்னிக்காது, எச்சரித்தோம் என்பதை மட்டும் காட்டும்.

வழக்கு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், வாடிக்கையாளருக்கு அது எளிது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு செய்த எந்தச் சேவையிலும் குறை என்று 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில் முடியைத் தப்பாக வெட்டிய புகாரில், 2021-ல் தேசிய ஆணையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது நினைவிருக்கலாம். அவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி விசாரிக்க அனுப்பியது. முன்னறை பார்லருக்குக் கோடி வராது. ஆனால் மருத்துவச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று ஒரு லட்சம் வந்தாலே பல மாத வருமானம் போய்விடும். பொறுப்புப் பாலிசி எடுக்கும்போது இழப்பீடு மட்டுமா, வக்கீல் செலவும் சேர்த்தா என்று கேளுங்கள். பாலிசி இருந்தால், நிறுவனத்திடம் சொல்லாமல் 'தப்பு என்னுதுதான், பணம் தந்துவிடுகிறேன்' என்று நீங்களாகப் பேசி முடிக்கக் கூடாது. மனசு கேட்காதுதான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், கூட இருங்கள். பணப் பேச்சை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

மணப்பெண் மேக்கப்புக்கு வெளியே போகிறவர்களுக்கு வேறு தலைவலி. முகூர்த்த நாளில் விடியற்காலை 3 மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோகும் கிட் வீட்டு வாசலைத் தாண்டியதும் இடத்தை வைத்து எடுத்த பாலிசியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு 'ஆல் ரிஸ்க்' என்று தனிப் பிரிவு உண்டு. அதிலும் ஆளில்லாத காரிலிருந்து திருடுபோனால் நிபந்தனைகள் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். மணப்பெண் கழற்றி உங்கள் கையில் கொடுக்கும் நகை இன்னும் ஆபத்து. உங்கள் பொறுப்பில் இருக்கும் அடுத்தவர் பொருளை வழக்கமான பொறுப்புப் பாலிசி விலக்கிவிடும். நகையை வீட்டு மனிதர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது. வாடகைக்கு விடும் டெம்பிள் நகை செட்டுகளையும் சரக்குப் பட்டியலில் எழுத மறக்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கட்டடம் வீட்டுக்காரருடையது, காப்பீடும் அவருடையது. ஆனால் உங்கள் ஹீட்டரால் தீப்பிடித்தால், அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அதைத் திரும்ப உங்களிடம் கேட்டு வரலாம். ஒப்பந்தத்தில் தொழில் நடத்த அனுமதி உண்டு என்று ஒரு வரி இல்லையென்றால் உங்கள் நிலை இன்னும் பலவீனம். சிறு தொழிலுக்கான முத்ரா கடனில் கருவி வாங்கியிருந்தால் வங்கியே காப்பீடு கேட்கும். பிரீமியத்தை உங்கள் கணக்கில் பிடித்துவிட்டு, பாலிசியை வங்கியிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. நகலைக் கேட்டு வாங்கி, அதில் எழுதியிருக்கும் முகவரி உங்கள் வீட்டு முகவரிதானா என்று பாருங்கள்.

உதவிக்கு ஒரு பெண் வருகிறார் என்றால், அவர் கையில் வேக்ஸ் கொட்டினாலும் அது உங்கள் பொறுப்பு. ஷாப்கீப்பர் தொகுப்பில் ஊழியர் இழப்பீட்டுப் பிரிவைச் சேர்த்து, அவர் பெயரை எழுதுங்கள். உங்களுக்கும் ஏதாவது வேண்டும். பார்லரின் மிகப் பெரிய கருவி உங்கள் கைதான். வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில், விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம், ஒரு கையோ ஒரு கண்ணோ முழுதாகப் போனால் 1 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆனால் கை முறிந்து இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தால் அதில் ஒன்றும் வராது. அதற்கு, வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு இழப்பீடு தரும் தனிநபர் விபத்துப் பாலிசியைப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் விஷயத்தில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் வந்து சேரும் முன் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் தொடங்காது. ஏஜென்ட் வாங்கிய பணத்தை 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்தில் கட்ட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் கையில் ரொக்கமாகக் கொடுப்பதைவிட நிறுவனத்தின் கணக்குக்கே நேராக அனுப்பிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பார்லர் பாலிசிக்கு அந்தச் சலுகை கிடையாது, 18 சதவீதம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

க்ளெயிம் மறுக்கப்பட்டால் அத்தோடு முடிந்துவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் இப்படிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இது தனிநபர் பாலிசிக்கு மட்டும்தான் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பவர்களும் உண்டு. தனி உரிமையாளர் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் எடுத்த பாலிசிகளும் ஆம்பட்ஸ்மேன் விதிகளில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. உத்யம் சான்றிதழின் நகலையும் புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.